செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா? பின்சக்கரத்துப் பக்கம் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க!

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் சாலைப் பக்கமோ ராயக்கோட்டை சாலைப் பக்கமோ போனால், ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். பல கார்களில் 'கேஏ' நம்பர் பிளேட். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்படியே போனால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே ஒருவர் புது எஸ்.யு.வி. வாங்கியதும் கழித்துவிட்ட ஹேட்ச்பேக், இங்கே சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவரின் முதல் கார் ஆகிறது.

கணவர் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்பார். மனைவி ஏ.சி.யைப் போட்டுப் பார்ப்பார். பிள்ளைகள் பின்சீட்டில் ஏறிக் குதித்துப் பார்ப்பார்கள். கூட வந்த சித்தப்பா டயரை ஒரு உதை உதைப்பார். அது ஏன் என்று அவருக்கும் தெரியாது. பிள்ளைகள் குதிக்கும் அந்தச் சீட்டுக்குக் கீழே, பின்சக்கரங்களை ஒட்டி நிற்கும் இரண்டு ஷாக் அப்சர்பர்களை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இப்படி ஒரு குடும்பம் கார் வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வாரமே பாட்டியை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி கிளம்புகிறார்கள். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் இறங்கும்போது பாட்டிக்குத் தலை சுற்றுகிறது. "கண்ணு, கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்கிறார். வெயில், வயசு, காலையில் சாப்பிட்ட பொங்கல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அடுத்த மாதம் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரர்தான் சொல்கிறார்: "சார், பின்னாடி ஷாக் ரெண்டும் ஆயில் கக்கியிருக்கு. பார்க்கலையா நீங்க?"

பாட்டியின் தலைசுற்றலுக்கு வெயிலே காரணமாக இருக்கலாம். ஆனால், முன்சீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் பின்சீட்டில் இருப்பவருக்கு மட்டும் வயிற்றைப் புரட்டினால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடங்களில் ஒன்று பின்பக்க ஷாக் அப்சர்பர். ஓட்டுபவருக்குக் கடைசியில்தான் தெரியவரும் கோளாறு இது.

அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது?

குண்டு குழியில் வண்டியைத் தாங்குவது ஷாக் அப்சர்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாங்குவது ஸ்பிரிங். மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கும், பிறகு விரியும், மறுபடி அமுங்கும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் கட்டில் மெத்தையில் குதிக்கும் குழந்தை மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை.

உருளைக்குள் ஒன்றிரண்டு டம்ளர் அளவுதான் எண்ணெய். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் நுண்ணிய துளைகளும் வால்வுகளும் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது, எண்ணெய் அந்தத் துளைகள் வழியே திணறிக்கொண்டு போகவேண்டும். அந்தத் திணறலில் ஆட்டத்தின் விசை சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெய் நுரைக்காமல் இருக்க, இப்போதைய ஷாக்குகள் பலவற்றில் நைட்ரஜன் வாயுவையும் அடைத்திருக்கிறார்கள். பிஸ்டனின் கம்பி வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல். மொத்த எண்ணெயையும் காவல் காப்பது அந்தச் சின்ன வளையம்தான்.

சீல் கெடப் பல காரணங்கள் உண்டு. கம்பியை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் தூசி உள்ளே போய்ச் சீலைத் தேய்க்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்குத் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கம்பியில் துரு பிடித்தாலும், கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் பாரம். மாம்பழ சீசனில் டிக்கி நிறைய கிரேடுகளை அடுக்கிக்கொண்டு ஓடிய காரும், டிக்கியில் தனியாக சி.என்.ஜி. சிலிண்டர் பொருத்திய காரும் பின்பக்கத்தைத்தான் வதைத்திருக்கும். வாடகைக்கு ஓடிவிட்டுப் பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட கார்களும் இந்தச் சந்தையில் உண்டு.

ஒரு விஷயம் இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஷாக் அப்சர்பர் தயாரிக்க 1961-ல் ஆனந்த் குழுமம் தொடங்கிய கேப்ரியல் இந்தியா நிறுவனத்தின் ஆலைகளில் ஒன்று இருப்பது இதே ஓசூர் சிப்காட்டில்தான். சீல், கம்பி, வால்வு என்று நாள் முழுக்கப் பேசுகிற தொழிலாளர்கள் வாழும் ஊர் இது. அந்த ஊரிலேயே கார் வாங்குகிறவர்கள் குனிந்து பார்ப்பதில்லை!

பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும்

"ஷாக் போனா என்ன, கொஞ்சம் தூக்கிப் போடும், அவ்வளவுதானே?" என்று கேட்பவர்கள் நிறைய. தூக்கிப்போடுவது தொந்தரவு மட்டுமே. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

டயர் சாலையை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் பிடிப்பு இருக்கும். ஷாக் செத்த சக்கரம், கரடுமுரடான சாலையில் துள்ளிக்கொண்டே போகும். துள்ளும் அந்தக் கணங்களில் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரம் பெரிதாக உதவாது. ஈரச் சாலையில், வளைவில், அவசரமாக லேன் மாறும்போது வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாக வழுக்கத் தொடங்கும். இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன் வந்த சின்னக் கார்களின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஏ.பி.எஸ். கிடையாது. இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் இருப்பதில் அந்த வயதுக் கார்களும் கணிசம்.

ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில் இருக்கிறது. இடையே சுமார் 50 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை. முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள். இந்த இறக்கத்தில் பிரேக் தூரம் கொஞ்சம் கூடினாலும் அது பெரிய விஷயம்.

பிரிட்டனில் காருக்கு மூன்று வயதானதும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஷாக் அப்சர்பரில் கடுமையான கசிவு இருந்தால் அங்கே அது 'பெரிய குறை'. வண்டி தேர்வில் ஃபெயில். லேசான ஈரத்துக்கு ஃபெயில் போடமாட்டார்கள். இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவே 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அரசுத் தரப்பில் யாரும் அடியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. ஆகவே வாங்குபவர்தான் இன்ஸ்பெக்டர்!

செல்போன் டார்ச் போதும்

காரைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கையையோ தலையையோ அடியில் விடவேண்டாம். போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, சக்கர வளைவுக்குள் நீட்டினால் போதும். சக்கரத்தை ஒட்டி நிமிர்ந்தோ கொஞ்சம் சாய்ந்தோ நிற்கும் நீள உருளைதான் ஷாக். ஸ்விஃப்ட், எட்டியோஸ் போன்ற கார்களில் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருப்பதால் பார்ப்பது எளிது. ஆம்னி, பொலேரோவில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக பின்னால் பட்டை இருக்கும்.

வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிப் பாருங்கள். உருளையின் மேல்பகுதியில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதன்மேல் காய்ந்த தூசி என்றால் பயப்பட வேண்டாம். கம்பி வழுக்கிப் போய்வர சீலுக்கே கொஞ்சம் எண்ணெய் வேண்டும், அதில் துளி வெளியே வருவது இயல்பு. உருளை நெடுக ஈரம் வழிந்து, அடி போல்ட் வரை கறுப்பாகச் சேறு கட்டியிருந்தால், அல்லது சொட்டு நின்றால், அந்த ஷாக்கின் கதை முடிந்தது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அடிப்பகுதி முழுக்கச் செம்மண் தூசி, ஷாக் மட்டும் பளபளவென்று சுத்தமாக இருக்கிறதா? புதிதாக மாற்றியிருந்தால் மகிழ்ச்சி, பில் இருக்கும், கேளுங்கள். பில் இல்லை என்றால் யாரோ அன்று காலைதான் துணியால் துடைத்திருக்கிறார்கள். எண்ணெய் வழிந்த ஷாக்கைக் காட்டி விலை பேசுபவரை நம்பலாம். துடைத்து வைத்தவரிடம் அந்தக் காரைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளையும் இரண்டாவது முறை கேட்கவேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்ததை மறைக்க முடியும், கசிவை மறைக்க முடியாது.

டிக்கி மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுக்கும் பழைய சோதனையும் உண்டு. நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி அடங்கிவிடும். மூன்று நான்கு தடவை ஆடினால் போச்சு. ஆனால் ஆடவில்லை என்பதற்காக நல்ல ஷாக் என்று முடிவுகட்ட முடியாது. பாதி செத்த ஷாக்கும் கைக்கு அடங்கிப்போகும். அதனால் டயரையும் தடவிப் பாருங்கள். உதைக்கத் தேவையில்லை! உள்ளங்கையை டயரின் வட்டத்தோடு மெதுவாக ஓட்டினால், ஒரு இடம் மேடு ஒரு இடம் பள்ளம் என்று மாறி மாறித் தட்டுப்படுகிறதா? அது சக்கரம் துள்ளி ஓடியதன் தடயமாக இருக்கலாம். வீல் பேலன்ஸிங் சரியில்லாவிட்டாலும் இப்படி வரும் என்பதால் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் பலரும் செய்யும் தவறு, ஓட்டுபவரும் விற்பவரும் மட்டும் முன்னால் உட்கார்ந்து போவது. பின்சீட்டுக்கு ஆள் ஏற்றுங்கள். வீட்டில் யாருக்குக் கார் ஒத்துக்கொள்ளாதோ அவரை ஏற்றுவது இன்னும் உத்தமம். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஒரு வேகத்தடையை 20 கி.மீ. வேகத்தில் தாண்டச் சொல்லி, பின்னால் இருப்பவரிடம் கேளுங்கள். ஒரு தடவை அமுங்கி எழுந்தால் சரி. படகு மாதிரி ஆடிக்கொண்டே போனால் சரியில்லை. 'டொக் டொக்' என்று சத்தம் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் ரப்பர் புஷ். அதற்காக ஷாக்கையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எல்லா ஈரமும் ஷாக் ஈரம் இல்லை

இந்த ஒரு பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்கவேண்டாம். பின்சக்கரத்தின் உட்பக்கம், டிரம்மின் பின்தகடு, டயரின் உள்சுவர் ஆகியவை ஈரமாக இருந்து, ஷாக் காய்ந்து இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் கசிந்தால் இப்படித்தான் தெரியும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் டெஸ்ட் டிரைவே வேண்டாம். ஷாக் கசிவோடு மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போய்விடலாம். பிரேக் கசிவோடு தெருமுனை வரைகூடப் போகக் கூடாது.

பொலேரோ, இன்னோவா, ஆம்னி போல பின்சக்கரத்துக்கு விசை போகும் வண்டிகளில் ஆக்ஸில் சீல் போய் கியர் ஆயில் வழிவதும் உண்டு. அது கெட்டியாக, ஒருவித காட்டமான வாசனையோடு இருக்கும்.

ஒன்று கசிந்தால் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டும். "கசியறது லெஃப்ட் மட்டும்தானே அண்ணே, அத மட்டும் போடுங்க" என்று சொல்லத் தோன்றும். ஒரு பக்கம் புது ஷாக், மறுபக்கம் ஏழு வருஷப் பழசு என்றால் ஒரு சக்கரம் அடங்கும், ஒரு சக்கரம் ஆடும். வளைவில் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். முன்பக்கம் நன்றாக இருந்தால் அதைத் தொடத் தேவையில்லை. ஷாக் தயாரிக்கும் நிறுவனங்கள் சில, 80,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றிவிடச் சொல்கின்றன. விற்பவர் அப்படித்தான் சொல்வார். கசிவில்லாமல், ஆட்டமில்லாமல் இருந்தால் அவசரம் இல்லை.

சின்ன ஹேட்ச்பேக்குகளில் பின்பக்க ஜோடியின் விலை பெரும்பாலும் இரண்டு புது டயர்களின் விலையைவிடக் குறைவு. செத்த ஷாக்கோடு ஓட்டினால் அந்த டயர்களும் சீக்கிரம் போய்விடும். பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை, மேல் புஷ் ஆகியவற்றைப் பார்த்து, நைந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இதில் நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பவர்கள் புது ஷாக்கையும் சீக்கிரமே இழக்கிறார்கள்.

செலவைக் குறைக்க 'ரீஃபில்' என்று ஒரு வழி சொல்வார்கள். பழைய ஷாக்கைத் திறந்து, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துத் தருவது. கார் ஷாக்குகளில் பெரும்பாலானவை திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும் உருளையை அறுப்பதும் சூடாக்குவதும் செய்பவருக்கே ஆபத்து. பழைய ஷாக்கை வீட்டில் யாரும் நோண்டவும் கூடாது. ஊற்றும் எண்ணெய் என்ன, வால்வின் நிலை என்ன என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பணம் இறுக்கமாக இருந்தால் ஒரு மாதம் மெதுவாக ஓட்டி, புதுசுக்குச் சேர்ப்பது மேல்.

ஒர்க்‌ஷாப்பில் நின்று பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஜாக்கி மட்டும் கொடுத்துவிட்டு யாரும் அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஸ்பிரிங் தனியாக இருக்கும் கார்களில் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். அதனால் அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை அண்டை கொடுத்துவிட்டுத்தான் போல்ட்டைக் கழற்றுவார்கள். இல்லாவிட்டால் அச்சு இறங்கி, ஸ்பிரிங் நழுவி விழும். புது ஷாக்கின் பளபளப்பான கம்பியை பிளையரால் பிடித்துத் திருக ஆரம்பித்தால் உடனே தடுத்துவிடுங்கள். பிளையர் பல் பதிந்த கம்பி, சீலை அறுத்து மறுபடி கசிய வைக்கும். கீழ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது, சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். நல்ல மெக்கானிக்குகளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில்தான் விட்டுப்போகும்.

ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வாரன்டி அதில்தான் நிற்கும். இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தேய்மானத்தால் வரும் கோளாறை சாதாரண மோட்டார் பாலிசி ஏற்காது.

விலை பேச ஒரு பிடி

பின்பக்க ஷாக் கசிகிறது என்பதற்காக ஒரு நல்ல காரை விட்டுவிட வேண்டியதில்லை. மாற்றக்கூடிய பாகம்தான். இரண்டு கடைகளில் விலை கேட்டு, கூலியும் சேர்த்து, அந்தத் தொகையைக் கார் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். "நானே மாத்திக் குடுத்துடறேன் சார்" என்றால் என்ன பிராண்ட் போடுவார் என்று எழுதி வாங்குங்கள். மீட்டர் 35,000 கிலோமீட்டர் காட்டுகிறது, பின்னால் இரண்டு ஷாக்கும் வழிகிறது என்றால் மட்டும் சுதாரிக்க வேண்டும். ஒன்று, மீட்டர் பொய். இல்லை, வண்டி தாங்கமுடியாத பாரத்தை இழுத்திருக்கிறது. சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள்.

கர்நாடகப் பதிவு என்றால் விலை குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும், வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே இருந்தால் புதுப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்டவேண்டும். ஓசூர் ஆர்.டி.ஓ.வில் 'டிஎன் 70' கைக்கு வரும்வரை ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. டீலரிடம் அதைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். டீலர் ஏமாற்றிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனி நபரிடம் நேரடியாக வாங்கினால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அங்கே உங்கள் செல்போன் டார்ச்தான் துணை.

அந்தப் பாட்டியின் குடும்பம் இரண்டு ஷாக்கையும் மாற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை மேலுமலை இறக்கத்தில் ஓட்டுபவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கிறார். "அம்மா, நிறுத்தட்டுமா?" என்று கேட்கிறார். பதில் இல்லை. பாட்டி பேத்தியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார்.